கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

"அண்ணே, அந்த வரி மட்டும் இன்னொரு தடவை."

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவுப் பெண்ணின் குரல் ஹெட்போன் வழியாகக் காதுக்குள் வந்தது. காலையிலிருந்து இது ஒன்பதாவது தடவை. குரல்காரர் தலையாட்டினார். பதினான்கு வருடமாக ஒலிப்புத்தகம் வாசிப்பவர், மூச்சு விடாமல் அரைப் பக்கம் வாசிப்பார் என்று பெயர் வாங்கியவர். அந்தப் பெயர்தான் இப்போது ஆட்டம் கண்டுகொண்டிருந்தது.

கையில் இருந்தது ஆஸ்பத்திரி மர்மக் கதை. ஏழாம் நம்பர் அறை நோயாளிக்கு யாரோ மருந்தை மாற்றிக் கொடுக்கிறார்கள். யார் என்று தெரியப்போகிற கடைசி அத்தியாயம்.

'தனக்கு என்ன நடக்கிறதென்று அந்த நோயாளிக்கு மட்டும்தான் தெரியாது' என்று வாசித்தார். பாதி வரியில் மூச்சு இழுத்தது.

"மூச்சு கேக்குதுண்ணே."

"கேட்டா வெட்டிடும்மா. எப்பவும் அதைத்தானே செய்வே?"

அவள் எதையோ குறித்துக்கொண்டாள். வாசிக்கிறவர்கள் இழுக்கும் மூச்சையெல்லாம் பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பது அவள் வேலை. உங்களால எனக்கு வேலையே இல்லண்ணே என்று முன்பெல்லாம் சிரிப்பாள். இந்த ஒரு மாதமாக அந்தச் சிரிப்பைக் காணோம்.

அப்போதுதான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு புது ஆள் வந்து உட்கார்ந்தார். இஸ்திரி கலையாத சட்டை, மடியில் ஒரு தோள்பை. அவர் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு அவள் எதையோ ஓடவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, மேஜையில் விரலால் தட்டித் தட்டிக் கேட்டார்.

குரல்காரருக்குப் புரிந்துவிட்டது. மாற்று ஆள்! பழைய அத்தியாயங்களைப் போட்டுக் காட்டி, குரல்காரர் விட்ட இடத்திலிருந்து தொடர அந்த ஆளைத் தயார் செய்கிறாள். இனிமேல் வர வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கூடப் பிறக்காத தங்கையாக நினைத்தவள் இப்படிச் செய்வாளா?

சரி, கடைசிப் பக்கத்தையாவது பழைய மாதிரி வாசித்துக் காட்டிவிட வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, நிறுத்தாமல் வாசித்தார். ஏழாவது வரியில் எழுத்துகள் மங்கின. மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

கதவைத் திறந்துகொண்டு இருவரும் உள்ளே வந்தார்கள்.

"எனக்குப் பதிலா வாசிக்க வந்தவராம்மா? நேராவே சொல்லிடு."

அவள் கண் கலங்கியிருந்தது. வந்தவர் குரல்காரரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். படி ஏறும்போது எத்தனை நாளாக இப்படி மூச்சு இரைக்கிறது என்று கேட்டார். கீழே வண்டி நிற்கிறது, இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம் என்றார்.

"நான் கூப்பிட்டா நாளைக்குப் பாக்கலாம்னு மழுப்புவீங்கண்ணே. அதான் இவரையே வரச் சொன்னேன்" என்றாள் அவள்.

குரல்காரருக்கு இன்னும் பிடிபடவில்லை. "டாக்டரா? அப்போ இவ்வளவு நேரம் நான் வாசிச்சதை எதுக்குக் கேட்டீங்க?"

"நீங்க வாசிச்சதுல ஒரு வார்த்தைகூட நான் கேக்கல சார்" என்றார் டாக்டர். "ஒரு மாசமா வெட்டி எடுத்த உங்க மூச்சைத் தூக்கிப் போடாம, இவங்க தேதி வாரியா ஒட்டி வச்சிருக்காங்க. அதை மட்டும்தான் கேட்டேன்."