ஒன்றரை மணிக்கு

மகனின் படம் நெற்றிவரை இறங்கியிருந்தபோது கரண்ட் போனது.

வீட்டுக்காரர் கறுத்துப்போன கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். மகன் வெளிநாட்டில். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த முகம், இண்டர்நெட் வழியாக, மேலிருந்து கீழாக, ஒவ்வொரு கோடாக வந்துகொண்டிருந்தது.

“உலகமே இதுல வரும்னீங்களே தம்பி. கரண்டே வரலையே.”

அவன் சிரித்து வைத்தான். ஒரு நாளைக்கு மூன்று வீடு. மூன்று வீட்டிலும் மோடத்தை மாட்டிவிட்டு, உலகமே இதில் வரும் என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

மணி பன்னிரண்டே கால்.

அவன் வீட்டு வீடியோ டெக்குக்கு அடியில் ஒரு பேட்டரி இருக்கிறது. இருபது நிமிடம் தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தான். கரண்ட் வரவில்லை. ஊர் முழுக்க இல்லையாம். சாயங்காலம் வந்து முடித்துக்கொடுப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

பஸ் நகர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த டெக் அவன் மனைவி சொன்ன பேச்சைத்தான் கேட்கும். வேலை நாட்களில் மதியம் ஒன்றரைக்குத் தானாக விழித்து, அவள் ஆபீசில் இருக்கும் நேரத்து சீரியலைப் பதிந்து வைக்கும். ஆறு மணிக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் உட்காருவாள். அவன் கிட்டே போனால், “உனக்கு இது வராது, தள்ளு” என்பாள்.

அவள் இறந்து, காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பி வீடு காலியான முதல் நாள். அவளுடைய அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை.

ஒன்றரைக்கு டக்கென்று ஒரு சத்தம். டெக்கில் சிவப்புப் புள்ளி எரிந்தது.

“யாரு போட்டது?”

“உங்க பொண்ணு வச்சுட்டுப் போனதுதான் அத்தை. தினமும் தானா வரும்.”

அன்றைக்கு அத்தை எழுந்து நாலு வாய் சாப்பிட்டார்.

அதிலிருந்து அதுவே வழக்கம். ஒன்றரைக்குள் சாப்பிட்டு முடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு வரும் அவனிடம் டிவியைப் போடச் சொல்லி எதிரே உட்காருவார். கதையைப் பார்க்க மாட்டார். சிவப்புப் புள்ளியைப் பார்ப்பார். சனி, ஞாயிறு டெக் விழிக்காது. அந்த இரண்டு நாளும் சோறு பாதி தட்டிலேயே இருக்கும்.

ஒரே கேசட்தான். காலையில் அவன் அதைத் திருப்பி ஓட்டி வைப்பான். நேற்றைய கதையின் மேல் இன்றைய கதை ஏறும்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள், அத்தை கடைக்குப் போயிருந்தபோது, கரண்ட் போய்விட்டு வந்தது.

டெக் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. நாலு பூஜ்யங்களைக் காட்டிக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவள் வைத்த நேரம், கிழமை, சேனல், எதுவும் இல்லை.

விளக்கப் புத்தகத்தைத் தேடி எடுத்து, ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி, எல்லாவற்றையும் அவனே திரும்ப ஏற்றினான். அத்தையிடம் மூச்சு விடவில்லை. புத்தகத்தைத் தன் சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தான். மறுநாளே ஆபீசிலிருந்து அந்தப் பேட்டரியைத் தூக்கி வந்தான்.

நாலு மாதமாக அந்தப் பொய்தான் ஒன்றரைக்கு விழிக்கிறது.

ஒரு மணிக்குக் கடைகளில் விளக்கு எரிவது பஸ் ஜன்னல் வழியே தெரிந்தது. வந்து என்ன பயன். இந்நேரம் பூஜ்யங்கள் சிமிட்டிக்கொண்டிருக்கும். அத்தை தட்டைக் கழுவி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பார்.

அத்தை தந்தி ஆபீசில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். இப்போது ரிமோட்டைக்கூடத் தொடுவதில்லை. “எனக்கு எதுக்கு இந்தக் கண்றாவியெல்லாம்” என்பார். பழைய வேலையின் பழக்கம் ஒன்றுதான் மிச்சம். கைக்கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னால் ஓட விடுவார். அதை நம்பித்தான் தினமும் காலையில் “நேரமாச்சு மாப்பிள்ளை” என்று எழுப்புவார்.

தெருமுனையில் இறங்கி ஓடினான். மூன்று மாடி. படியேறும்போது மணி பார்த்தான். ஒன்று இருபத்தேழு.

மூன்று நிமிடத்தில் எதுவும் ஏற்ற முடியாது. அத்தை கண் முன்னாலேயே புத்தகத்தை எடுக்கவும் முடியாது. டெக் ரிப்பேர் என்று சொல்லலாம். சீரியலை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லலாம். நாளைக்கு என்ன சொல்வது?

மூன்று மாடி ஏறியும் ஒரு பொய் கிடைக்கவில்லை.

கதவு சாத்தாமல் இருந்தது.

சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

டெக் ஓடிக்கொண்டிருந்தது. டிவியில் சோப்பு விளம்பரம். சீரியல் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அத்தை எதிரே உட்கார்ந்திருந்தார். படிக்கும்போது மட்டும் போடும் கண்ணாடியைக் கழற்ற மறந்திருந்தார்.

“இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரமே வந்துட்டா மாப்பிள்ளை” என்றார், திரும்பாமல்.

டெக்கின் பச்சை எண்கள் 1:33 என்றன. அவன் கடிகாரத்தில் ஒன்று இருபத்தெட்டு.

“ஆமா அத்தை.”

பையை இறக்கி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். தன் கைக்கடிகாரத்தின் திருகை மெல்ல இழுத்து, முள்ளை ஐந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தான்.