பேஸ்மென்ட் எலி

கனடாவின் நிரந்தரக் குடியிருப்புக்கு ஒப்புதல் வந்துவிட்டது. ஜக்ரூப் மீசையை முறுக்கிக்கொண்டான்.

“வேலை பெர்மிட் முடிஞ்சு மூணு மாசம். நான் பயந்தேனா? என்கூட லாரி ஓட்டின, என்கூடவே விண்ணப்பம் போட்ட தேஜ்பாலைப் பாரு. பெர்மிட் முடிஞ்ச நாள்லேர்ந்து பேஸ்மென்ட் ரூமுக்குள்ள எலி மாதிரி பதுங்கிக் கிடக்கான். ஊர்ல நடந்த சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்குக்கூடத் தலைகாட்டல. அவனெல்லாம் ஒரு ஆம்பளை.”

மனைவி ஹர்லீன் மடிக்கணினியில் கனடா அரசின் கடைசிப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“போட்டோ ஏத்தியாச்சு. இன்னும் ஒரு கேள்விதாங்க பாக்கி.”

“ஆமான்னு போடு. ஊர் பூரா லட்டு கொடுத்தாச்சு, இனிமே என்ன கேள்வி?”

அவள் கை நின்றது.

“‘இப்போது கனடாவுக்குள் இருக்கிறீர்களா?’ன்னு கேக்குறாங்க. உள்ள இருந்தாத்தான் கார்டு தருவாங்களாம்.”

பஞ்சாபின் ஜலந்தர் வெயில் தாங்காமல் வாசலில் எருமை கத்தியது.

“ஆமான்னே போட்டுடேன்” என்றான் ஜக்ரூப், மெதுவாக.

“பாஸ்போர்ட்ல டெல்லி ஏர்போர்ட் முத்திரை இருக்கே. திரும்பிப் போகப் பெர்மிட்டும் இல்ல.”

அவன் மீசையிலிருந்து கையை எடுத்தான்.

“உங்க எலி இன்னும் பொந்துக்குள்ளதானே இருக்கும்?” என்றபடி ஹர்லீன் மடிக்கணினியை மூடினாள். “அது தைரியமா ஆமான்னு போடும்.”