சளி பிடித்த மூக்கு

தன் முதுகிலிருந்த உப்பு மூட்டைக்குள் கஞ்சாப் பொட்டலம் இருந்தது கழுதைக்கே தெரியாது. போலீஸ் மோப்ப நாய் முகர்ந்து பிடித்து, கழுதையைக் காவல் நிலையத்து வேப்பமரத்தில் கட்டிப்போட்டது.

“மூட்டையை ஏத்தினது யாருடா? பயப்படாம சொல்லு. தகவல் தருபவர் பெயர் ரகசியமாக வைக்கப்படும்” என்றது நாய். கடைசி வரி மட்டும் சுவர் நோட்டீஸில் உள்ளபடியே, இலக்கண சுத்தமாக வந்தது.

கழுதைக்குப் பயமில்லை, ஆத்திரம்தான். மூட்டையைப் பிரித்தபோது சிதறிய அந்த இலையைத் தின்ற அதன் குட்டி இன்னும் எழுந்து நிற்கவில்லை.

“நரிதான் ஐயா. பொட்டலத்தை மோந்து பாருங்க, அவன் வாடையே அடிக்கும்.”

நாய் முகர்ந்தது, தும்மியது. “எனக்குச் சளிடா. ஒண்ணும் தெரியல. இதை வாங்கித் தின்கிற முயல் கியல் இருந்தா சொல்லு, பிடிச்சிடலாம்.”

“நரிதான் ஐயா!” என்று கத்தியது கழுதை.

“சரி, விசாரிச்சிட்டு வரேன்” என்று நாய் கிளம்பிப் போனது.

மாலையில் அது திரும்பி வந்தபோது, பின்னாலேயே நரியும் வந்தது.

“என் பேரைச் சொன்னியாமே, மாப்ளே?” என்று பல்லைக் காட்டியது நரி.

கழுதை நரியைப் பார்க்கவே இல்லை. நாய்க்கு முதுகைக் காட்டி வாகாக நின்றுகொண்டு கேட்டது:

“காட்டுக்கு அந்தக் கோடியில் இருக்கிற இவன் வளையை, இந்தச் சளியோட எப்படி ஐயா கண்டுபிடிச்சீங்க?”

பதிலுக்குக் காத்திராமல், இரண்டு பின்னங்கால்களாலும் அந்த மூக்கிலேயே உதைத்தது.