நிறைந்த பத்தாயம்

"இஞ்ச பாருங்கோ, ஏமானுக்க கார் ஆத்துப் பாலம் தாண்டியாச்சாம். சட்டுனு கோட்டை மாட்டுங்கோ!"

தாணம்மாள் குரல் கொடுத்தபோது பொன்னுலிங்கம் பிள்ளை பாதிக் கோட்டுக்குள் இருந்தார். கைகள் நுழைந்துவிட்டன, வயிறுதான் சம்மதிக்கவில்லை. கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு. பட்டன் போடும் முயற்சியைக் கைவிட்டு, ஜரிகை நேரியலை மேலே போட்டு மறைத்தார். பூதப்பாண்டி நெல்லுடையார் நலப் பாதுகாப்பு மகா சங்கத்தின் தலைவர் வெறும் சட்டையோடு நிற்க முடியுமா? சங்கத்தில் மற்ற எல்லோரும் உபதலைவர்கள். உறுப்பினராகச் சேரத்தான் யாரும் சம்மதிக்கவில்லை.

"ஏட்டி, ஏமான் முன்னால நீ வாயத் திறக்கப்பிடாது, கேட்டியா?"

"நான் எதுக்குத் திறக்கேன்? நீங்கோ பத்தாயத்தத் திறந்தாப் போரும்."

ரங்கூன் நெல்லும் அரிசியும் கப்பல் கப்பலாகக் குளச்சலில் வந்து இறங்க இறங்க, நாஞ்சில் நாட்டு நெல்லின் விலை பாதாளத்துக்குப் போய்விட்டது. வெளிநாட்டு நெல்லுக்கு வரி போடுங்கள் என்று சங்கம் மனுக் கொடுத்திருந்தது. நிலைமையை நேரில் பார்க்கத் திருவனந்தபுரத்திலிருந்து அதிகாரி வந்திருக்கிறார். வரி வந்தால் பிள்ளையின் வயல் பிழைக்கும். வராவிட்டால் அடுத்த நிலத் தீர்வைக்கு வயலே ஏலத்துக்குப் போகும்.

கார் வந்து நின்றது. அதிகாரி இறங்குவதற்குள் குளச்சல் நெல் வியாபாரி ரசலையன் ஓடிப்போய்க் குடை பிடித்தார். மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. "வியாபாரியா இருந்தும் வேளாண்மைக்காரன் கண்ணீரைப் பொறுக்காத மகான்" என்று பிள்ளையே அவரைச் சங்கக் கூட்டத்தில் புகழ்ந்திருக்கிறார்.

பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, "கனம் பொருந்திய..." என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும், பிள்ளே" என்றார் அதிகாரி. "நேத்து கடியப்பட்டணம் போயிருந்தேன். மீன்பிடிக்கிற வள்ளக்காரங்க என்ன சொல்றாங்க தெரியுமா? ரங்கூன் அரிசி வந்த பிறகுதான் ரெண்டு வேளை கஞ்சி குடிக்கோம், வரி போட்டு வயித்துல அடிக்காதீங்கன்னு. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

பிள்ளை மனப்பாடம் செய்து வைத்திருந்த பிரசங்கத்தை விட்டுவிட்டார்.

"அவங்களுக்கும் பிள்ளகுட்டி உண்டும், ஏமான். எனக்கும் உண்டும்."

அன்று அவர் ஒத்திகை பார்க்காமல் பேசியது அது ஒன்றுதான்.

அதிகாரி தலையை ஆட்டினார். "சரி. போன வாரம் மற்ற ஊர்ல பார்த்த பத்தாயம் எல்லாம் காலி. நெல்லு முழுக்க வித்துப்போச்சுன்னா உங்களுக்கு நஷ்டம் எங்க இருக்கு? வாங்க ஆளில்லாமல் கிடக்கிற நெல்லைக் கண்ணால பார்த்தால் எழுதறேன். இல்லேன்னா இல்லை."

நெல் சேர்க்கும் மரப் பத்தாயம், அறையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு நின்றது. அதிகாரி முக்காலியில் ஏறி மேல்பலகையை விலக்கினார். விளிம்பு தட்ட நெல். கையைத் தோள்வரை உள்ளே விட்டுத் துழாவினார்.

கை எட்டிய மட்டும் நெல்தான்.

ஒரு பிடி அள்ளி முகர்ந்தவர் நெற்றியைச் சுருக்கினார். "என்ன பிள்ளே, உப்பு மணக்குது?"

பிள்ளை ரசலையனைப் பார்த்தார்.

"கடக்காத்து, ஏமான்" என்றார் ரசலையன். "இந்த வருசம் மலையடிவாரம் வரைக்கும்லா அடிச்சு!"

"இவ்வளவும் விற்காமலா கிடக்குது?"

"எனக்கு வேணும்னு ஒருத்தன் கேட்டு வரல்ல, ஏமான்" என்றார் பிள்ளை.

கதவோரம் நின்ற தாணம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அதைப் பார்த்ததும் அதிகாரியின் குரல் தணிந்தது.

"அழாதீங்க அம்மா. வரி வேணும்னு இன்றைக்கே எழுதிடறேன்."

கார் தெருவைத் தாண்டியதும் பிள்ளை கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு முக்காலியிலேயே உட்கார்ந்தார்.

"உள்ளதச் சொன்னா என்னவாம்?" என்றாள் தாணம்மாள். "அறுத்த களத்துலயே கிட்டின விலைக்குக் குடுத்துத் தீர்வை கெட்டினோம், முந்தாநாள் வரைக்கும் பத்தாயத்துல எலிகூட இல்லன்னு?"

"சொன்னா, வித்தாச்சுல்லா, பொறவு என்ன நஷ்டம்னு கேப்பான். நிறைஞ்ச பத்தாயத்தக் கண்டாத்தான் அவனுக்கு நம்ம பட்டினி மனசிலாவும்."

முற்றத்தில் மாட்டுவண்டிகள் வந்து நின்றன. ரசலையனின் ஆட்கள் சாக்குகளோடு பத்தாயத்துக்குள் குதித்தார்கள்.

"வேகம் அள்ளுங்க மக்கா! நாளைக்கு ஏமான் தாழக்குடி போறாரு. அவரு போகதுக்கு முந்தி அங்க உள்ள பத்தாயத்தையும் ரொப்பணும்" என்று ரசலையன் விரட்டினார்.

பிள்ளைக்குக் கண் கலங்கியது. எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓய் ரசலையா, சும்மா சொல்லப்பிடாது. கேட்ட உடனே இத்தன நெல்லையும் இரவலாத் தந்தீரே! வரி வந்தா உமக்க கப்பல் கச்சவடம்லா படுத்துப்போகும்?"

ரசலையன் ஒரு பிடி நெல்லை அள்ளி, பதரை ஊதிவிட்டுச் சிரித்தார்.

"வரி இனி வாற கப்பலுக்குத்தானே, அண்ணாச்சி? விலை ஏறுகது எல்லா நெல்லுக்கும். இது போன மாசமே ரங்கூன்ல இருந்து வந்து எனக்க கிடங்குல ஏறின நெல்லுல்லா!"