சந்துப் பக்கத்து ஜன்னல்

“அந்தப் படத்தை மட்டும் மாட்டக் கூடாது,” என்றார் பெரியவர்.

அருங்காட்சியகத்திலிருந்து வந்த பெண் படத்தை மேசைமேல் வைத்தாள். பெரியவரின் காலமான தங்கை. நெஞ்சுக்கு நேரே எண் எழுதிய சிலேட்டு. போலீஸ் எடுத்த படம்.

“எங்க குடும்பத்துல ஸ்டேஷன் படி மிதிச்சது அவ ஒருத்திதாம்மா. அதை ஊரே பார்க்கணுமா?”

“ஊரே பார்க்கத்தான் ஐயா மாட்டறோம். பள்ளிக்கூடப் பிள்ளைங்க வந்ததும் அவங்களைப் பத்தித்தான் கேக்குறாங்க.”

பெரியவர் நாற்காலியில் சாயவில்லை. சாய்ந்து பழக்கமும் இல்லை.

அந்தக் காலத்தில் தபால் நிலையத்துக்கு இரண்டு ஜன்னல்கள். தெருப் பக்கத்து ஜன்னல் பெரியவர் வீட்டாரைப் போன்றவர்களுக்கு. சந்துப் பக்கத்து ஜன்னல் துப்புரவுக் குடியிருப்புக்காரர்களுக்கு. குமாஸ்தா ஒருவர்தான். தெரு ஜன்னல் காலியானால்தான் சந்துப் பக்கம் திரும்புவார்.

தங்கை தெரு ஜன்னலில் போய் நின்றாள். குமாஸ்தா நீட்டிய தபால்தலையை வாங்கவில்லை. சந்தில் நிற்கும் அம்மா முன்னாடியே வந்துவிட்டார், முதலில் அவருக்குக் கொடுங்கள் என்றாள். அவருக்குக் கொடுக்கவில்லை. இவளும் நகரவில்லை. வரிசை வாசலைத் தாண்டியது. மறுநாளும் வந்தாள். கடைசியில் போலீஸ் வந்தது.

அந்த வருஷமே சந்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே வரிசை.

“பன்னிரண்டு நாள் நின்னிருக்காங்க,” என்றாள் வந்தவள்.

“பதினொண்ணு. ஞாயித்துக்கிழமை லீவு.”

அவள் திருத்திக்கொண்டாள். பிறகு அப்போது நடந்த விசாரணைக் கமிஷனின் தாள் ஒன்றை எடுத்தாள்.

“ஒண்ணுதான் ஐயா குறையுது. குமாஸ்தா யாருன்னு தெரியல. ஆபீஸ் பதிவேட்டைக் கரையான் தின்னுடுச்சு. உங்க தங்கச்சிகிட்டயே கேட்டிருக்காங்க, பாருங்க.”

பெரியவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

கேள்வி: மறுத்த ஊழியர் யார்?

பதில்: கம்பிக்குப் பின்னால் முகம் சரியாகத் தெரியவில்லை.

இரண்டாம் முறையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை.

“படத்தை மாட்டிக்கோங்க. கீழே குமாஸ்தா பேரையும் போடுங்க. சொல்றேன்.”

அப்பா பெயரின் முதலெழுத்தில் தொடங்கி, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

எழுதிக்கொண்டிருந்தவளின் பேனா பாதியில் நின்றது. வீட்டு வாசல் பெயர்ப்பலகையிலும் அந்தப் பெயர்தான் இருந்தது.

“எழுதும்மா. அந்தப் பதினோரு நாளும் சாயங்காலம் எனக்குச் சாப்பாடு போட்டது அவதான்.”