அஞ்சே எழுத்து

"பாஸ்வேர்டை மாத்தினது நீதான். ஒத்துக்கோ, ஓடில்" என்றான் ஃபப்ரிஸ்.

பிரெஞ்சு பேசும் நூமேயா ஊரின் படகுத் துறையில் புருஷன் பெண்டாட்டி இருவரும் நடத்துகிற தூண்டில் கடை அது. காலையில் கம்ப்யூட்டர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது; ஓடில் சரி என்று அமுக்கிவிட்டாள். அவள் செய்தது அவ்வளவுதான். அதிலிருந்து அவன் என்ன அடித்தாலும் தவறு, தவறு என்றே வந்தது.

அந்த பாஸ்வேர்டைத் துறையில் கேலி செய்யாதவர்கள் கிடையாது. "என் பெண்டாட்டி பேர்தான். ஓ, டி, ஐ, எல், ஈ. அஞ்சே எழுத்து. சாகிறவரைக்கும் மாத்த மாட்டேன்" என்று கல்யாண விருந்தில் எழுந்து நின்று சொன்னவன் அவன். ஓடிலுக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் முகம் மலர்ந்துவிடும்.

இப்போது அதே வாய், அவளைத் திருடி என்று சொல்லாத குறை. என்னை வேவு பார்க்கத்தானே உள்ளே புகுந்து மாற்றினாய் என்று வாடிக்கையாளர்கள் காதுபடக் கத்தினான். கடைச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னான்.

வெயிலோ புயலோ, கூடவே நின்று உழைத்தவளை ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்காகச் சந்தேகப்பட்டுவிட்டானே, பாவி. ஓடில் சாவியை வைத்தாள்; ஆனால் போகவில்லை. பக்கத்து மோட்டார் கடை சோவானேயைக் கூப்பிட்டாள்.

சோவானே ரொட்டியை மென்றுகொண்டே வந்தான். பாஸ்வேர்ட் இருக்கட்டும், முதலில் உங்கள் பேரை அடியுங்கள் என்றான். ஃபப்ரிஸ் அடித்தான். திரையில் 'ஏ' வரவேண்டிய இடத்தில் 'க்யூ' வந்து உட்கார்ந்தது.

சோவானே சிரித்துவிட்டான். "அக்கா மேல ஏண்ணே பாயறீங்க? புதுசு போட்டதுல நம்ம பிரெஞ்சு கீபோர்டு இங்கிலீஷ் கீபோர்டா மாறிடுச்சு. எழுத்துல ஏ, க்யூ, இஸட், டபிள்யூ, எம், இதுங்கதான் இடம் மாறியிருக்கு. மத்ததெல்லாம் இருந்த இடத்துலயே இருக்கு."

திரையின் மூலையில் எதையோ தட்டிச் சரிசெய்தான். ஃபப்ரிஸ் மறுபடியும் பாஸ்வேர்டை அடித்தான். சட்டென்று திறந்துகொண்டது.

ஃபப்ரிஸ் அசடு வழிய எழுந்து சாவியை அவளிடம் நீட்டினான். கோபத்தில் ஏதோ பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே, இன்றைக்கு வெளியே போய்ச் சாப்பிடலாம் என்று குழைந்தான்.

ஓடில் சாவியை வாங்கவில்லை. கீபோர்டில் ஓ, டி, ஐ, எல், ஈ என்று ஒவ்வொன்றாக விரல் வைத்து, இதில் ஏதாவது மாறியிருந்ததா என்று சோவானேயிடம் கேட்டாள். இல்லை என்று அவன் தலையாட்டினான்.

அவள் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ காலையிலேர்ந்து நீ அடிச்சது யாரு பேரு?"