மழைக்கஞ்சி

"ஏட்டி, கோயில்ல கஞ்சி காய்ச்சி ஊத்தினா மழை வந்துருமா? செல்போனைப் பாரு, இந்த வாரம் ஒரு சொட்டு கிடையாது."

விளாத்திகுளத்து அறிவியல் வாத்தியார் ஜெயபாண்டி மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

"சாமிய எளக்காரம் பண்ணாதிய. இன்னைக்கு அம்மன் கண்ணத் தொறப்பா" என்று சொல்லிவிட்டு உமாராணி கோயிலுக்குப் போனாள்.

சாயங்காலம் பெருமழை. தொப்பலாக நனைந்து ஓடிவந்தாள்.

"பாத்தியளா எங்க அம்மன..." என்றவள், மாடியைப் பார்த்து அலறினாள். "ஐயையோ, வருசத்துக்கு மொளகாப்பொடி அரைக்கக் காயப்போட்ட வத்தலு!"

"மழை வரும்னு சாதிச்சவ, வத்தல எதுக்குக் காயப்போட்ட?"

"நீங்கதான செல்போனக் காட்டி அடிச்சுச் சொன்னிய? அத நம்பித்தான்!"

"கத்தாத. மத்தியானமே தார்ப்பாய் போட்டு மூடிட்டேன்."

"வெயில் கொளுத்துச்சே, எதுக்கு மூடினிய?"

ஜெயபாண்டி தலையைச் சொறிந்தார்.

"நீ கஞ்சி ஊத்தப் போயிட்டேல்லா!"